கோழி வாங்கப் போன வியாழக்கிழமை

பாரிசில் ரூ பெர்தொனே என்ற தெருவில் பலசரக்குக் கடைக்காரர் வெந்தயச் சாக்கின் வாயைப் பிரிக்கிறார். தையல் நூல் கிர்ரென்று ஓடி முடிய வாசம் எழும்புகிறது. எனக்கு முன்னால் நிற்கிற பெண்ணுக்கு அது மீன்குழம்பாக இருக்கலாம், பிள்ளைப்பேற்று அறையாக இருக்கலாம். எனக்கு அது குதிரை. ஈர வைக்கோல், நனைந்த மயிர், பாரிசிலிருந்து வடக்கே இரண்டு மணித்தியாலம் ஓடினால் வருகிற ஒரு தகரக் கொட்டில், அதற்குள் நான்கு மூச்சு. "எவ்வளவு அண்ணை?" என்கிறார் கடைக்காரர். பின்னால் ஒருவர் இருமுகிறார்.

எத்தனை வருடமாக இதை எழுத உட்கார்ந்து எழும்பியிருக்கிறேன். உட்கார்ந்தால் எழும்பத் தோன்றும், எழும்பினால் நடக்கத் தோன்றும், என் சுபாவம் அப்படி. இன்று உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா வந்த முதல் மாரி அது. 2009 வைகாசியில் வன்னியை விட்டு முள்ளுக்கம்பி முகாமுக்குள் போனவ, 2011 கடைசியில் பாரிசுக்குப் பக்கத்துப் பியர்ஃபித்தில் எங்கள் வீட்டுக் கதவுக்கு முன்னால் ஒரு கைப்பையுடன் நின்றா. என்னைவிட ஆறு வயது மூப்பு. அங்கே அவவிடம் நாற்பது மாடு நின்றது. இங்கே மூன்றாம் மாடியில், என் மகளின் அறையில், ஒரு மடிப்புக் கட்டில். அகதிக் கேஸ் போட்டாயிற்று, மறுமொழி வரவில்லை. கையில் இருந்தது மூன்று மாதத்துக்கொருமுறை வரிசையில் நின்று புதுப்பிக்கிற ரெசெப்பிசே என்ற கடதாசி மட்டும். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு மரக்கறி வாங்கக் கூட்டிப் போனால் தெரிந்தவர்கள் எல்லாம் நின்று, அவவுக்குக் கேட்கிற தூரத்தில், ஒரே சொல்லைச் சொல்வார்கள்: "பாவம்." அவ வெண்டிக்காயின் நுனியை முறித்து முற்றலா பிஞ்சா என்று பார்த்துக்கொண்டு நிற்பா. ஒருநாள் திரும்பி வரும்போது ரயிலில் சொன்னா:

"தம்பி, இஞ்சை எனக்குப் புதுப்பேர் வைச்சிட்டினம் போலை கிடக்கு."

லா சப்பலில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த அண்ணை ஒருவர் அந்தப் பெப்ரவரியில் ஊர்க்கோழி தேடிக்கொண்டிருந்தார். ஒரு பிறந்தநாள் விருந்துக்கு ஒப்புக்கொண்டிருந்தார். பெட்டிக் கோழி வேண்டாம், மண் கிளறிய கோழிதான் வேண்டும் என்று விருந்துக்காரர் பிடிவாதம். கடைக்கு உருளைக்கிழங்கு கொண்டுவந்து போடுகிற பிரெஞ்சுக்காரர் ஒருவர் அண்ணையிடம் சொல்லியிருக்கிறார்: என் கிராமத்தில் ஒரு கிழவர் நான்கு 'புலே' விற்கிறார், மெலிந்துபோய் நிற்கின்றன, சனிக்கிழமை ஒரு வியாபாரி வந்து அள்ளிக்கொண்டு போகப் போகிறான், யாராவது நல்லவர்கள் அதற்கு முன்னம் வாங்கினால் புண்ணியம்.

"மெலிஞ்ச கோழியிலைதானடா ருசி," என்றார் அண்ணை என்னிடம். "நாலு காணாது. ஆனா அங்கை போனால் இன்னும் நிக்கும்."

கிழவருக்குத் தொலைபேசியும் எடுத்தார். கிலோ என்ன விலை என்று கேட்டிருக்கிறார். "இறைச்சிக்கு இல்லை!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார் கிழவர்.

"என்னவாம்?"

"உயிரோடைதான் குடுப்பானாம். சரியான ரோசக்காரன்."

எனக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அது பெப்ரவரி விடுமுறை. அண்ணை வானை எடுத்தார், நான் முன்னுக்கு ஏறினேன். கோழியின் நெஞ்செலும்பைத் தடவி வயசு சொல்லக்கூடிய ஆள் எங்கள் மூவரில் ஒருத்திதான் என்பதால் அக்காவையும் ஏற்றினோம். பின்னால் பத்து பிளாஸ்டிக் கோழிக்கூடுகள், ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்றோடொன்று இடித்துக் கலகலத்தன. ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி, பனித்தூறல்.

கிழவர் நீலத் தொழிலாடையோடு கேற்றடியில் நின்றார். "புலே?" என்றார் அண்ணை, ஒரு கூட்டைத் தூக்கிக் காட்டி. "புலேன், உய்," என்று ஆமோதித்தார் கிழவர், கூட்டை ஒருமாதிரிப் பார்த்துக்கொண்டு. பின்பக்கத்துத் தகரக் கதவை இழுத்தார்.

உள்ளே நின்றவை நான்கு குதிரைக்குட்டிகள்.

புலே என்றால் கோழி. புலேன் என்றால் குதிரைக்குட்டி. இரண்டுக்கும் நடுவே மூக்கால் போகிற ஒரு கடுகளவு ஒலி. இருபது வருடம் இந்த நாட்டில் கிடந்தும் எங்கள் காதுகள் அதைப் பிடிப்பதில்லை. அண்ணை கையில் கோழிக்கூட்டோடு நின்றார். ஒரு குட்டி வந்து அந்தக் கூட்டை மோந்து பார்த்தது.

"தம்பி," என்றார் அண்ணை மெல்ல, "இதை எந்தச் சட்டியிலையடா போடுறது?"

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அக்காவிடம் திரும்பி, "பாருங்கோ, எப்பிடிக் கொழுத்து நிக்குதுகள்," என்றேன். உண்மையாகவே எனக்கு அப்படித்தான் தெரிந்தது. மாரிகால மயிர் கம்பளிபோல் அடர்ந்து தொங்கியது. வயிறுகள் பானையாய் இருந்தன.

அக்கா கம்பிக்கு இடையால் குனிந்து உள்ளே போனா. மிகச் சின்னது ஒன்று, மண்நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, மூலையில் தலையைத் தொங்கப் போட்டபடி நின்றது. அதன் விலாவில் கையை வைத்து மயிருக்குள் விரல்களை இறக்கினா. விரல்கள் போய்க்கொண்டே இருந்தன. எலும்புக்கும் எலும்புக்கும் இடையில் அவவின் நான்கு விரலும் நான்கு பள்ளத்தில் போய்ப் படுத்ததை, பத்தடி தள்ளி நின்ற நானும் கண்டேன். பிறகு முதுகு. பிறகு இடுப்பு. மயிரை ஒதுக்கினால் அடியில் கூரைவளை மாதிரி எலும்பு.

"இது கொழுப்பில்லைத் தம்பி. பூச்சி வயிறு. இதுகள் பட்டினி."

கிழவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் கை அவருக்கு விளங்கியது. முகம் சிவந்து, கேளாமலே கதை சொல்லத் தொடங்கினார். குதிரைகள் மனைவியுடையவை. மனைவி போன கோடையில் இறந்துபோனா. தாய்க்குதிரைகளை இலையுதிர்காலத்தில் விற்றுவிட்டார். தீன் எவ்வளவு, எப்போது, எதுவும் அவருக்குத் தெரியாது, வைக்கோல் பூஞ்சணம் பிடித்தது, போட்டதைத் தின்னவில்லை, சனிக்கிழமை வியாபாரி வந்தால் தன் கண்ணிலிருந்து மறையும். இதைச் சொல்லிவிட்டு, சொன்ன வெட்கத்திலோ என்னவோ, உள்ளே போய் ஒரு வாளி நிறைய ஓட்ஸ் கொண்டுவந்து குட்டிகளுக்கு முன்னால் வைத்தார்.

அக்கா வாளியைக் காலால் தள்ளிக் கவிழ்த்தா.

"வேண்டாம்! இப்ப இதைக் குடுத்தால் செத்துப்போங்கள்!"

கிழவர் ஏசினார். அண்ணை, "ஐயோ தங்கச்சி, அந்த மனுசன்ரை வீட்டிலை நிண்டுகொண்டு..." என்றார். நான் இடையில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். அக்கா குனிந்து சேற்றிலிருந்த தானியத்தைக் கையால் கூட்டி ஒதுக்கிக்கொண்டே சொன்னா: "முகாமுக்கு வந்த முதல் நாள் வயிறு முட்டச் சாப்பிட்டதுகள் சிலது அடுத்த நாள் எழும்பேல்லை. காய்ஞ்ச குடலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாய்த்தான் குடுக்கவேணும். அதைச் சொல்லு இவருக்கு."

சொன்னேன். அந்த வசனத்தைப் பிரெஞ்சில் சொல்ல எனக்கு மூன்று தரம் மூச்செடுக்கவேண்டி இருந்தது. கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

"சனிக்கிழமை லொறியிலை ஏத்தினால்?" என்று கேட்டேன்.

"சின்னது லொறியிலை நிண்டு போகாது. விழும். விழுந்தால் மற்றதுகள் மிதிக்கும்." எழும்பிக் கையைச் சேலையில் துடைத்தா. "டொக்டரைக் கூப்பிடு."

சமையலறைச் சுவரில் மிருகவைத்தியரின் இலக்கம் போட்ட கலண்டர் தொங்கியது. இறந்துபோன மனைவி தொங்கவிட்டது. கோடைக்குப் பிறகு யாரும் தாள் புரட்டவில்லை. நான் எண்களை அழுத்தும்போது அண்ணை என் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"தம்பி, டொக்டர் வந்தால் கடதாசி எழுதுவார். கடதாசி எழுதினால் பொலிஸ் வரும். உன்ரை கொக்காவின்ரை கேஸ் இன்னும் முடியேல்லை. விசர் வேலை பாக்காதை. வா போவம்."

அவர் சொன்னது சரி என்றே எனக்குப் பட்டது. பிற நாட்டில் பேர் தெரியாமல் இருப்பதும் ஒரு போர்வைதானே. நான் போய் அக்காவிடம் சொன்னேன், "அக்கா, இது எங்கடை அலுவல் இல்லை."

அவ என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்த மொழியில் எனக்குச் சொல் இல்லை. போய் வானில் ஏறவும் இல்லை. கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்துகொண்டா. நான் திரும்பிப் போய் மிச்ச எண்களையும் அழுத்தினேன்.

வைத்தியர் வந்தது இரண்டு மணிக்கு. கட்டையான, உரத்த குரல்காரி, ரப்பர் பாதணி. நான்கு குட்டிகளையும் நாக்கு, பல், நெஞ்சு, கால் என்று பார்த்தா. அக்கா தொட்ட அதே இடங்களில் அவவின் கையும் போனது. ஓட்ஸ் கதையைக் கேட்டதும் நிமிர்ந்து, "யார் தடுத்தது?" என்றா. நான் காட்டினேன். "சரியாகச் செய்தீர்கள், மதாம்," என்றா. அக்கா தனக்கு விளங்கிய அளவுக்குத் தலையை ஆட்டினா, ஒரு சக வேலைக்காரிக்கு ஆட்டுகிற மாதிரி.

இரண்டு கடதாசி எழுதினா வைத்தியர். ஒன்று, இந்தக் குட்டிகள் ஏற்றிப் போகத் தகுதியற்றவை என்பது. மற்றது மாவட்ட அலுவலகத்துக்கு. கிழவரைத் தண்டிக்க அல்ல, குட்டிகளை அவர் கையிலேயே தேற்ற அவகாசம் கேட்டு. முதலில் கண்டவர் பேரும் முகவரியும் அதில் இருந்தால் பலம் என்றா.

"நான் போடுறன்," என்றேன். எனக்குத்தான் பிரெஞ்சு அடையாள அட்டை இருக்கிறது.

"நீ கொழுத்து நிக்குதெண்டெல்லோ சொன்னனி," என்றா அக்கா. "கண்டது நான். கொண்டா பேனையை."

வைத்தியரின் கார் முகப்பில் கடதாசியை வைத்து, தூறலுக்கு ஒரு கையால் மறைத்துக்கொண்டு, தன் முழுப் பெயரையும் தமிழில் எழுதினா. அப்பாவின் பெயர் முதலில், பிறகு தன் பெயர், ஓர் எழுத்தும் குறையாமல். கீழே பியர்ஃபித் முகவரியை நான் சொல்லச் சொல்ல இலத்தீன் எழுத்தில். இந்த நாட்டுக்கு வந்து தன் கேசுக்கு அல்லாமல் அவ போட்ட முதல் கையெழுத்து அது. அண்ணை வானுக்குள் இருந்து கண்ணை மூடிக்கொண்டார். (அந்தக் கையெழுத்தால் கேசுக்கு ஒரு தீங்கும் வரவில்லை. ஆனால் அன்றைக்கு அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.)

வைத்தியர் சொன்ன கணக்கு ஒரு நாளைக்கு ஆறு தரம், ஒவ்வொரு தரமும் ஒரு கைப்பிடி லுசேர்ன் புல். தமிழில் அதற்குக் குதிரைமசால் என்று பெயர் இருப்பதைப் பிற்பாடு அகராதியில் கண்டு, தனியாக இருந்து சிரித்தேன். யார் ஆறு தரம் வைப்பது? அக்கா என்னைக்கூடக் கேட்கவில்லை, கொட்டிலைக் கையால் காட்டி, "நான் நிக்கிறன்," என்றா. உருளைக்கிழங்குக்காரரும் மனைவியும் இரண்டு வீடு தள்ளி இருந்தார்கள். ஓர் அறை ஒழித்துக் கொடுத்தார்கள். கோழியில்லாத கோழிக்கூடுகளோடு அண்ணை மட்டும் பாரிசுக்குத் திரும்பினார். விருந்துக்கு ஆட்டிறைச்சி போட்டதாகப் பிறகு கேள்வி.

சனிக்கிழமை காலை லொறி வந்தது. உள்ளே வேறு குதிரைகள் ஏற்கெனவே நின்று பலகையை உதைத்துக்கொண்டிருந்தன. வியாபாரி இறங்கி, ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான் என்று கிழவரிடம் தொடங்கினான். கிழவர் நிலத்தைப் பார்த்தார். அக்கா கேற்றுக்கு நடுவில் போய் நின்றா. சேலைக்கு மேல் உருளைக்கிழங்குக்காரர் மனைவியின் பெரிய மழைக்கோட்டு, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தியரின் கடதாசி. அவவுக்கு அப்போது தெரிந்த பிரெஞ்சுச் சொற்களை ஒரு கை விரலில் எண்ணலாம். அதில் ஒன்றை எடுத்தா.

"பப்பியே," என்றா, கடதாசியை நீட்டி.

அவன் வாசித்தான். மேலும் கீழும் பார்த்தான். கிழவரிடம் கேட்டான், "யார் இது? புதுப் பத்ரோனா?" முதலாளியம்மாவா என்று நக்கல்.

கிழவர் நிமிர்ந்தார். "ஓம்," என்றார் தன் மொழியில். "பத்ரோன் இவதான்."

லொறி பின்னோக்கிப் போய்த் திரும்பி, சேற்றை அடித்துக்கொண்டு மறைந்தது. "என்னவாம் சொன்னவங்கள்?" என்றா அக்கா. சொன்னேன். கடதாசியை மடித்தா.

"எனக்கு இன்னும் மூண்டு மாசக் கடதாசிதான். இதுகளுக்கு ஒரே நாளிலை கிடைச்சிட்டுது, பாத்தியே?" என்றுவிட்டுப் புல் எடுக்கப் போனா. இரண்டாம் தீன் நேரம்.

நான் கிழமைக்கொருமுறை ரயிலில் போனேன். ஒருமுறை அக்கா தொலைபேசியில், "வரேக்கை வெந்தயம் கொண்டா. அரைக் கிலோ. நல்லதாய்ப் பாத்து," என்றா. ஈன்ற மாட்டுக்கு அவ கொடுக்கிற பழக்கம். ஊறவைத்து, ஒரு பிடி தவிட்டோடு பிசைந்து உள்ளங்கையில் வைத்தா. வெள்ளைப் பொட்டு முதலில் மூக்கைச் சுருக்கியது, பிறகு உள்ளங்கையின் ரேகைவரை நக்கியது. வைத்தியர் வந்து மோந்து பார்த்து, "ஃபெனுக்ரெக்!" என்று கத்தினா. இங்கேயும் மெலிந்த குதிரைக்குப் பசி வர அதைத்தான் கொடுப்பார்களாம். இரண்டு பெண்களும் ஒரு வாளியைச் சுற்றிக் குந்தியிருந்து, மொழியே இல்லாமல், அரைமணித்தியாலம் கதைத்தார்கள். நான் தேவைப்படவில்லை. என் வாழ்க்கையில் தேவைப்படாமல் நின்ற இடங்களுக்குள் அதுதான் எனக்கு மிகப் பிடித்தது.

எல்லாம் நல்லதாய் நடந்ததென்று எழுதினால் பொய். ஒன்பதாம் நாள் கறுப்புக் குட்டி படுத்தது, எழும்பவில்லை. பூச்சி குடலைத் தின்றிருந்தது என்றா வைத்தியர். கிழவர் அழுதார். அக்கா அழவில்லை, மற்ற மூன்றுக்கும் நேரம் தவறாமல் புல் வைத்துவிட்டு வந்து, கறுப்பனின் கண்ணை மூடிவிட்டா.

ஒவ்வொரு ஞாயிறும் அக்கா ஒரு கயிற்றால் வெள்ளைப் பொட்டின் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து, வந்த இடத்தில் முடிச்சுப் போடுவா. அடுத்த ஞாயிறு அந்த முடிச்சு எட்டாது. பங்குனிக்கும் வைகாசிக்கும் இடையில் கயிறு ஒரு சாண் தள்ளிப் போனது. மாரிமயிர் கொத்துக் கொத்தாய் உதிர்ந்து, அடியிலிருந்து செம்பு தேய்த்த மாதிரி ஒரு குதிரை வெளியே வந்தது. ஓடியது. காரணமில்லாமல் நின்றது. காரணமில்லாமல் திரும்பவும் ஓடியது. என்னைப் போல ஒரு பிராணி என்று நினைத்துக்கொண்டேன்.

லா சப்பலிலும் கதை பரவிவிட்டது. அண்ணைதான் பரப்பியவர். கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும், "நான்தானே கூட்டிக்கொண்டு போனனான்," என்று தொடங்குவார். அவர் கதையில் அவர் கண்ணை மூடியது கிடையாது. பரவாயில்லை. அக்கா கடதாசி புதுப்பிக்க வந்த நாள் ரூ பஜோல் கோயிலடியில் அவவைக் கண்ட ஒரு பெண், பழைய சொல்லை எடுக்க வாயைத் திறந்துவிட்டு, "அக்கா, உங்கடை குதிரையள் எப்பிடி?" என்று கேட்டா. அக்கா நின்று விபரமாகப் பதில் சொன்னா. கால்மணித்தியாலம். நான் பைகளோடு பக்கத்தில் நின்றேன். பாரம் தெரியவில்லை.

ஆனியில் வைத்தியர், இனி விற்கலாம் என்று எழுதிக் கொடுத்தா. இரண்டைப் பக்கத்துக் கிராமத்தில் வாங்கினார்கள். வெள்ளைப் பொட்டைக் கேட்டு வந்தது பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் பழக்குகிற ஒரு பெண். கிழவர் விலை பேசுமுன் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தா. பெண் கொடுக்கிற வீட்டுக்காரர் மாதிரித் தொடங்கியது விசாரணை.

"தீன் ஆர் வைக்கிறதெண்டு கேள்."

கேட்டேன். தானே வைப்பதாகச் சொன்னா.

"எத்தினை தரம்? மழைக்கு எங்கை கட்டுறது? தனியவோ, கூட்டாளி இருக்கோ? எத்தினை வயசிலை ஆள் ஏறும்?"

மூன்று வயது முடியாமல் ஒருவரும் ஏறமாட்டார்கள் என்றா அந்தப் பெண். "நாலு எண்டு சொல்லு. இது பட்டினி கிடந்தது, எலும்பு பிந்தும்." நாலு என்று ஒப்புக்கொண்டா. பிறகு மரியாதையான குரலில் என்னிடம் கேட்டா, மதாம் தங்கள் நாட்டில் குதிரை வளர்த்தவரா என்று.

"இல்லை," என்றேன். "இங்கேதான் பழகினவ. என்னுடைய அக்கா." கடைசி வசனத்தை அந்தப் பெண் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

குதிரைப்பெட்டியைக் காரின் பின்னால் கொழுவியிருந்தார்கள். பலகையில் ஏறக் குட்டி தயங்கியது. அக்கா முன்னால் நடந்தா. அது பின்னால் போனது. உள்ளே கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் தனியாக வெளியே வந்தா. கதவின் தாழ்ப்பாளை இரண்டுதரம் இழுத்துப் பார்த்தா. கிழவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கார் இயங்கத் தொடங்கியதும் அக்கா ஓட்டமும் நடையுமாய்ப் போய்ச் சாரதிப்பக்கக் கண்ணாடியைத் தட்டினா. அந்தப் பெண் கண்ணாடியை இறக்கினா. நான் மொழிபெயர்க்கக் கிட்டப் போனேன், அக்கா எனக்காகக் காத்து நிற்கவில்லை, தமிழிலேயே சொன்னா.

"மெல்ல ஓடுங்கோ, மதாம். உள்ளுக்கை ஆள் நிக்குது."